பூ வாரிய கை

தலைக்கு எண்ணெய் வைக்காமல் என்னை ஒரு நாளும் பள்ளிக்கூடம் அனுப்பாத என் சரசக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் கை எழுத ஆரம்பித்தது. அதை அடித்துவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன். மாத்திரை தவறவில்லை, காலையில் நடக்கிறேன், நெஞ்சில் ஒரு பிடிப்பும் இல்லை. நீ முதலில் இதைத்தான் கேட்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுச் செய்திகள். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். தென்னையில் வெள்ளை ஈ இன்னும் போகவில்லை. மச்சான் மரத்துக்கு மரம் பசை தடவின மஞ்சள் அட்டை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், தோப்புக்கே பிறந்தநாள் கொண்டாடுகிற மாதிரி இருக்கிறது. செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. நீ போட்டு வைத்த ஊறுகாய் ஜாடியை இன்னும் யாரும் திறக்கவில்லை.

உன் மகள் சுதாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவளுக்காகத்தான் இந்தக் கடிதமே. இதை நான் பொதுவில் எழுதுகிறேன், அக்கா. நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் உனக்கு விளக்க வேண்டி வரும். எனக்கே பாடம் எடுக்கறியா என்று முறைக்காதே.

என் வேலை உனக்கு எப்போதும் சிரிப்புதான். பஞ்சுக் குடோன் எரிந்தால், மில்லில் தீப்பிடித்தால், இன்சூரன்ஸ் கம்பெனி என்னை அனுப்பும். சாம்பலுக்குள் நடந்து, எந்த இடத்தில் பற்றியது, எதனால் பற்றியது என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். "ஊரெல்லாம் நெருப்ப அணைக்க ஓடும். எந்தம்பி ஆறினதுக்குப் பொறவு மோந்து பாக்கப் போவான்" என்று ஒரம்பரை வந்த இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். சொந்தக்காரர்கள் கூடிவிட்டால் உனக்கு நான்தான் கிடைப்பேன்.

இந்த வேலை மனிதனை ஒரு மாதிரி ஆக்கிவிடும். எரிந்த வீட்டுக்காரன் அழுதுகொண்டிருப்பான். நான் சுவிட்ச் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கல்நெஞ்சு என்பார்கள். இருக்கட்டும். நீ போன பிறகும் நான் அப்படித்தான் இருந்தேன். அழுகை வந்தபோதெல்லாம் எங்கே பற்றியது என்றுதான் யோசித்தேன். இப்போது அதைத்தான் எழுதுகிறேன்.

உன் புகுந்த ஊர் ஆனைமலைக்குப் பக்கத்தில். அங்கே அம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, ஆண்கள் குண்டம் இறங்குவார்கள். விறகு எரிந்து தணலான பிறகு அதன்மேல் நடந்து போவார்கள். பெண்கள் நடப்பதில்லை. அவர்கள் குண்டத்தின் ஓரம் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கங்குகளை வாரித் திரும்பக் குண்டத்திலேயே போடுவார்கள். அதற்குப் பூ வாருவது என்று பெயர். குண்டத்தில் கிடப்பதை யாரும் நெருப்பு என்று சொல்ல மாட்டார்கள், பூ என்றுதான் சொல்ல வேண்டும். நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்று நான் ஒருமுறை சொல்லி உன்னிடம் குட்டு வாங்கினேன்.

முறையாக விரதம் இருந்தவளைப் பூ சுடாது. ஊரில் எழுதாத சட்டம் இது. சுட்டால் அவளிடம் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம். கையில் மஞ்சள் கயிறு, அதாவது காப்பு, கட்டிய நாளிலிருந்து நோம்பி முடியும்வரை கவுச்சி கூடாது, துக்க வீட்டுக்குப் போகக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. கட்டின கயிற்றுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தபோது நீ நேர்ந்துகொண்டாய். தம்பி எழுந்து நடந்தால் வருகிற நோம்பிக்குப் பூ வாருகிறேன் என்று. அறுபதைத் தாண்டிய உனக்கு எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டேன். "நீ கேட்டியா, நானா நேந்துக்கிட்டேன். உனக்கென்ன போச்சு?" என்று வாயை அடைத்துவிட்டாய்.

நான் எழுந்து நடந்தேன். நீ காப்புக் கட்டினாய். கட்டின பிறகு எனக்கு மறுபடியும் மூச்சு வாங்கி, கோயமுத்தூரில் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். யாரோ உனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். நீ பொள்ளாச்சி வந்து, அங்கிருந்து உக்கடம் பஸ் ஏறி, மஞ்சள் கயிறு கட்டிய கையோடு வந்து நின்றாய். அன்றைக்கு அங்கேயே தங்கினாய்.

"காப்போடவா வந்தே?" என்று கேட்டேன்.

"அம்மனுக்கும் பொறந்தவன் இருக்கறான். அவளுக்குத் தெரியும், நீ கம்முனு படு" என்றாய்.

கூடப் பிறந்தவனுக்காக எல்லை தாண்டுவதை அம்மன் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று நீ முடிவு செய்துவிட்டாய். அம்மன் சார்பில் நீயே தீர்ப்பு எழுதிக்கொண்டாய். எனக்கு அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நோம்பி நல்லபடியாக முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நீ பூ வாரிவிட்டு வந்து, எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறினாய். புதுக் கண்ணாடி வளையல் கை நிறைய. நோம்பிக்குப் பூ வாருகிற பெண்கள் எல்லாரும் அப்படித்தான் வளையல் அடுக்கிக்கொள்வீர்கள். சேலைத் தலைப்பைக் கையோடு இழுத்துச் சுற்றியிருந்தாய். வெயிலுக்குச் சுற்றியிருக்கிறாய் என்று நினைத்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். உனக்கு இடது மணிக்கட்டைச் சுற்றி அரிக்கிறது என்று மச்சான் சொன்னார். பிறகு அங்கே கொப்புளம். கண்ணாடி மாதிரி, தண்ணீர் கோத்து, விறைப்பாக. பிறகு முழங்கை, தொடை, வயிறு. அக்கி என்று சொல்லி யாரோ செம்மண் பூசிவிட்டார்கள். வேப்பிலை அரைத்துப் போட்டீர்கள். அரிப்பில் நீ தூங்கவே இல்லை என்று மச்சான் போனில் சொன்னார். "மாப்ள, அவ ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னா எந்திரிச்சுத் தோப்புக்குள்ள போயிக்கறா" என்றார்.

கார் எடுத்துக்கொண்டு நானே வந்துதான் உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. வழியெல்லாம் வண்டியை மெதுவா ஓட்டு, உனக்கு நெஞ்சு ஆகாது என்று என்னையே மிரட்டிக்கொண்டு வந்தாய்.

கோயமுத்தூரில் அந்தத் தோல் டாக்டர் அம்மா பொறுமைசாலி. ஒரு கொப்புளத்தின் ஓரத்தில் தோலைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் நோயின் பெயரைச் சொன்னார். புல்லஸ் பெம்பிகாய்டு. நீ திருப்பிச் சொல்லிப் பார்த்து, முடியாமல், "பேரு வெச்சவன் ஊட்ல சோறு ஆக்க மாட்டாங்களாட்ட இருக்குது" என்றாய். டாக்டரே சிரித்துவிட்டார்.

"தோலு ரெண்டு அடுக்குங்கம்மா. நடுவுல பசையாட்டம் ஒண்ணு அதுக ரெண்டையும் புடிச்சு வெச்சிருக்குது" என்று டாக்டர் உனக்குச் சொன்னார். "கிருமி வந்தாச் சண்டை போடறதுக்குன்னு ஒடம்புக்குள்ள ஒரு காவல் இருக்குதுங்க. அந்தக் காவல் ஆளு மாறிப்போயி, சொந்தப் பசையவே பகையாளின்னு நெனச்சு அடிக்குது. அடுக்குப் பிரிஞ்சு நடுவுல தண்ணி கோத்துக்குது. அதுதான் இந்தக் கொப்புளம். இது தொத்து நோயில்லீங்க. பெரும்பாலும் வயசானவங்களுக்குத்தான் வரும்."

பிறகு கேட்டார். "இது வாரதுக்கு முன்னால ஏதாச்சும் தீக்காயம், ஆபரேஷன், அடிபட்டது, புதுசா மாத்திரை, அப்படி ஏதாச்சும் உண்டுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாய்.

அவர் உன் கையை எடுத்து வளையலை மேலே தள்ளினார். மணிக்கட்டின் உட்பக்கம், வளையல் உட்காருகிற இடத்தில், வெளுத்துப்போன ஒரு தழும்பு. "இது என்னங்க?"

"வடச்சட்டி எண்ணெய் தெறிச்சுதுங்க."

எனக்கு அப்போதே உறைத்திருக்கலாம். எண்ணெய் தெறித்தால் புள்ளி புள்ளியாக விழும். இது ஒரே இடத்தில் அழுந்தின தழும்பு. ஆனால் அக்காவின் கையை யார் ரிப்போர்ட் எழுதுகிற கண்ணோடு பார்ப்பார்கள்?

மருந்து வேலை செய்தது. அரிப்பு அடங்கியது. புதுக் கொப்புளம் குறைந்தது. ஆனால் அந்த மருந்து காவலை ஒட்டுமொத்தமாகத் தூங்க வைக்கிற மருந்து. சர்க்கரை ஏறியது, முகம் ஊதியது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குக் கூட இப்படிப் பூரிச்சதில்ல" என்றாய். நான் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கச் சொல்லிக் கொண்டுவந்தேன். நெய் விட்டு நாலு வாய் தின்றுவிட்டு, தட்டைக் கீழே வைத்தாய்.

"தம்பி, எண்ணெய் தெறிக்கல. பூ சுட்டுப்போடுச்சு."

கங்கு ஒன்று வளையலுக்கும் கைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது என்றாய். உதறினாய், விழவில்லை. சுற்றிலும் ஊர் நிற்கிறது. கத்தாமல் இரண்டாம் தடவையும் வாரிப் போட்டுவிட்டுத்தான் எழுந்தாயாம்.

"ஏங்க்கா சொல்லல? டாக்டர் அத்தனை தடவை கேட்டாங்களே."

"சொன்னா என்ன சொல்லுவாங்க? காப்போட கோயமுத்தூர் போனவ, அதான் சுட்டுதும்பாங்க. உன்னையப் பாக்க வந்தது குத்தம்னு ஆயிரும். குத்தமாப் போச்சுன்னா எம்பட நேத்தி செல்லுமா? செல்லாமப் போச்சுன்னா உனக்கு?"

என் நெஞ்சைப் பார்த்தாய்.

அக்கா, நான் கல்நெஞ்சுக்காரன் என்று மேலே எழுதினேன். அன்றைக்கு நான் வெளியே போய் வராந்தாவில் நின்று அழுதேன். நீ உன் நேர்த்திக்கடன் செல்லாமல் போய்விடக் கூடாது என்று காயத்தை மறைத்திருக்கிறாய். எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக ஆஸ்பத்திரிக்கு வராமல் தோப்புக்குள் போய் ஒளிந்திருக்கிறாய். இப்படி ஒரு கிறுக்கியை எனக்கு அக்காவாகக் கொடுத்தது யார்?

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மச்சானும் கூட இருந்தார். "அந்தச் சுட்ட காயத்துனாலதான் வந்துதுங்களா?" என்று கேட்டேன். இந்த ஒரு கேள்வியைத்தான் எனக்குக் கேட்கத் தெரியும்.

"இருக்கலாமுங்க" என்றார் டாக்டர். "தீக்காயம் பட்ட எடத்துல, ஆபரேஷன் பண்ணின எடத்துல, கேன்சருக்குக் கரண்டு வெச்ச எடத்துல இது ஆரம்பிச்சதாச் சில பேருக்குப் பார்த்திருக்கோம். தோல் காயப்படறப்ப உள்ள மறைஞ்சு கெடந்தது வெளிய தெரியுது. காவலுக்கு அது அன்னியமாத் தெரிஞ்சிருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். அடிச்சுச் சொல்ல முடியாது. நெறையப் பேருக்கு ஒரு காரணமும் கெடைக்கறதே இல்லீங்க."

"எல்லாருக்குந்தான் சுடுதுங்க. எல்லாருக்குமா வருது?"

"இல்லீங்க. ஊர்ல தெனமும் எத்தனை பேருக்குச் சுடுது. அபூர்வமா யாராச்சும் ஒருத்தருக்கு இப்படி வருது. ஏன் அவங்களுக்குன்னு கேட்டா எங்களுக்குத் தெரியாது."

முன்னாலேயே சொல்லியிருந்தால் என்று இழுத்தேன். மருந்து இதேதான் கொடுத்திருப்போம், கொஞ்சம் சீக்கிரம் வந்திருப்பார்கள், அவ்வளவுதான் என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா? இரண்டுமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

மீதி உனக்குத் தெரியும். நெஞ்சில் சளி கட்டியது, காய்ச்சல் வந்தது, உன் உடம்பு அதைத் தாங்கவில்லை. யாரும் குறை வைக்கவில்லை, அக்கா. நர்ஸ் பிள்ளைகள் உன்னை அம்மணி அம்மணி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மச்சானுக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது. டாக்டர் சொன்னதை ஒருவரிடம் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நீ போன துக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பும்போதே பேச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காப்போடு எல்லை தாண்டினாள், பூ சுட்டது, அந்தச் சூடு உடம்பெல்லாம் கொப்புளமாகக் கிளம்பி ஆளையே கொண்டுபோய்விட்டது.

இனி சுதாவுக்கு வருகிறேன். காலம் கடந்து பெற்ற பிள்ளை என்று நீ பொத்திப் பொத்தி வளர்த்தவள். அவளுக்கு வந்த இரண்டு நல்ல இடம் தட்டிப்போயிற்று. காரணம் யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்தது. வருஷம் திரும்பி உன் தெவசம் முடிந்த அன்று, சாப்பாடு ஆனதும் பெண்கள் எல்லாரும் உள்ளே கூடத்தில் உட்கார்ந்தார்கள். மச்சானும் நானும் நிலைப்படி ஓரம் இருந்தோம். உன் மூத்த ஓரகத்தி பொன்னாத்தாக்கா பேச்சை எடுத்தார். வருஷா வருஷம் பெண்களை வரிசையில் நிறுத்தி முதல் ஆளாகப் பூ வாருகிறவர் அவர். அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை.

"அம்மா பண்ணின குத்தத்த மகதான் கழிக்கோணும். இந்த நோம்பிக்குச் சுதா காப்புக் கட்டிப் பூ வாரட்டும். பொறவு பாருங்க, எடம் தன்னால அமையும்."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் நான் மெதுவாகப் பேசுவேன், உனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதையெல்லாம் அடுக்கு, பசை, காவல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். காயம் பட்ட தோலில் இப்படி வரலாம், இது குற்றமல்ல, நோய் என்றேன். தெளிவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

பொன்னாத்தாக்கா கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "அதைத்தானுங்க நாங்களுஞ் சொல்றோம்" என்றார். "பூ சுட்டதுனாலதான்னு டாக்டரே சொல்லிப்போட்டாங்கல்லோ. அது ஏன் சுட்டுதுன்னு உங்க டாக்டருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்."

எத்தனையோ முதலாளிகளின் வக்கீல்களைச் சமாளித்திருக்கிறேன். இங்கே தோற்றுவிட்டேன், அக்கா. எங்கே பற்றியது என்று நான் கண்டுபிடித்துச் சொன்னது, அவர்கள் உன்மேல் போட்ட பழிக்கே சாட்சியாகிவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமோ?

அப்போதுதான் சுதா பேசினாள். அவள் அதுவரை எச்சில் இலை எடுத்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியை ஓரமாக வைத்துவிட்டு வந்து பொன்னாத்தாக்கா முன்னால் உட்கார்ந்தாள்.

"சரி பெரிம்மா. நான் வாரறேன்."

"என்ற கண்ணு" என்று பொன்னாத்தாக்கா அவள் தலையைத் தொட்டார்.

"ஆனா சுட்டா நான் சொல்லிப்போடுவேன். எங்கம்மாவாட்டம் மறைக்க மாட்டேன். அங்கயே, எல்லாரு முன்னாலயும், சுட்டுப்போடுச்சுன்னு கத்துவேன்."

"ஏய், என்ன பேச்சு இது" என்றது யாரோ.

"ஏனுங்க? நான் காப்புக் கட்டி, கவுச்சி திங்காம, எல்லை தாண்டாம, ஒரு கொறையும் வெக்காம இருப்பேன். அப்படி இருந்தாச் சுடாதுல்லீங்க பெரிம்மா? சுடாதுன்னு நீங்க என்ற தலை மேல கை வெச்சுச் சொல்லுங்க. நான் இப்பவே காப்புக் கட்டிக்கறேன்."

கை ஏற்கனவே தலைமேல்தான் இருந்தது. பொன்னாத்தாக்கா அதை எடுக்கவில்லை. சுதா முகத்தையே பார்த்தார். சுதா சொன்னால் சொன்னபடி செய்கிறவள். ஊர் முன்னால் சுட்டது என்று கத்துவாள். கத்தினால் பிறகு அவளுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை? அது பொன்னாத்தாக்காவுக்கு நம் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

"வேண்டாங் கண்ணு" என்றார். "சுடும்."

மாட்டுக் கொட்டத்தில் கன்றுக்குட்டி கத்தியது கேட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும் பெரிம்மா?"

பொன்னாத்தாக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு, வளையல்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார். மணிக்கட்டின் உட்பக்கத்தில், பழசாகித் தோலோடு தோலாகிப்போன ஒரு தழும்பு. அதன்மேலேயே இன்னொன்று.

"மொத வருசமே சுட்டுதுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. "என்ன கொறை வெச்சேன்னு எனக்கே தெரியல. அன்னையிலிருந்து வெசனம். ஊட்ல எது நடந்தாலும் எம்பட கொறையோன்னு நெனைப்பேன். எனக்கு மட்டுந்தான்னு இருந்தேன் சாமி. சரசுக்குச் சுட்டுதுன்னு கேட்டப்ப, அட, எனக்கு மட்டுமில்லியான்னு ஒரு நிம்மதி வந்துது. அப்படிப்பட்ட பாவி நான்."

அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மச்சானின் சித்தப்பா மருமகள் வளையலைத் தள்ளிக் கையை நீட்டினாள். அடுத்து இன்னொருத்தி. "எனக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னால. மஞ்சப் பத்துப் போட்டு, பலகாரஞ் சுட்டப்ப பட்டுதுன்னு சொல்லிப்போட்டேன்" என்றாள். "நானும் அதையேதான் சொன்னேன்" என்றாள் வேறொருத்தி. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பிறகு பலரும் சிரித்தார்கள், அழுதார்கள். இந்த ஊர்ப் பெண்கள் சுட்ட பலகாரத்துக்கெல்லாம் கணக்குப் பார்த்தால் நோம்பி இன்னும் முடிந்திருக்காது.

நான் எழுந்து போய் அந்தக் கைகளைப் பார்த்தேன். வேலைப் புத்தி, என்ன செய்ய. உள்ளங்கையில் யாருக்கும் தழும்பு இல்லை. வாரின வேகத்தில் போட்டுவிடுவதால் அங்கே பெரிதாகப் பிடிப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே இடம்தான். வளையல் உட்காருகிற இடம். விரதம் இருந்தவளுக்கும் அங்கேதான், இருக்காதவளுக்கும் அங்கேதான். எல்லை தாண்டினவளுக்கும் தாண்டாதவளுக்கும் அங்கேதான். குண்டத்து ஓரத்தில் கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு குனிகிற யாருக்கும் கங்கு அங்கேதான் சிக்கும்.

எத்தனையோ தீ பார்த்திருக்கிறேன், அக்கா. இத்தனை தெளிவாகக் காரணம் எழுதிவைத்த தீயை நான் பார்த்ததில்லை.

வளையலைக் கழற்றிவிட்டு வாரலாமே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, கட்டினவன் இருக்கறப்ப மொட்டைக் கையோட அம்மன் முன்னால போயி நிக்கச் சொல்றீங்களா?" என்று பொன்னாத்தாக்கா பழைய குரலில் பாய்ந்தார். அப்பாடா என்று இருந்தது. வளையலுக்கு அடியில் ஈரத்துணி சுற்றிக்கொள்வது என்று அவர்களே பேசி முடித்தார்கள். சுதா பூ வார வேண்டியதில்லை என்பதை யாரும் தனியாகச் சொல்லவில்லை. அந்தப் பேச்சே பிறகு எழவில்லை.

மச்சான் மட்டும் வெளியே போய்த் தென்னைக்கடியில் நின்றார். நான் பக்கத்தில் போனேன். "அவளுக்கு இது தெரிஞ்சிருந்தா ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாளா மாப்ள?" என்று கேட்டார். வந்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், உன் வீட்டுக்குள்ளேயே, எத்தனை கை மறைந்து கிடந்தது. ஒருத்தி ஒருத்தியிடம் வளையலைத் தள்ளிக் காட்டியிருந்தால் போதுமே.

இன்னும் ஒரு கேள்வி எனக்கு மிச்சமிருக்கிறது. இத்தனை பேருக்குச் சுட்டது. உன் உடம்பில் மட்டும் ஏன் காவல் ஆள் மாறியது? டாக்டர் தெரியாது என்றார். எனக்கும் தெரியவில்லை. கொப்புளத்திலிருந்து கங்குக்குப் போகலாம். கங்கிலிருந்து நேர்த்திக்கு. நேர்த்தியிலிருந்து என் நெஞ்சுக்கு. இதற்குமேல் பின்னால் போனால் நீ எனக்கு அக்காவாகப் பிறந்ததுதான் காரணம் என்று எழுத வேண்டியிருக்கும். அதனால் அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். நீயும் அப்படித்தான் சொல்லியிருப்பாய், கம்முனு படு என்று.

உன்னை நினைத்தால் எனக்கு இப்போதும் தாங்க முடியவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

நோம்பிக்குப் பூச்சாட்டி நாள் குறித்துவிட்டார்கள். நான் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். குண்டத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நான் இருப்பேன். ஒரு பெரிய டிரம் நிறைய நல்ல தண்ணீர், குழாய் வைத்தது. பூ வாரிவிட்டு வருகிற ஒவ்வொருத்தியும் அங்கே நின்று, வளையலை மேலே தள்ளி, கையைத் தண்ணீருக்கு அடியில் காட்டிவிட்டுத்தான் போவாள். சுட்டவளும் காட்டுவாள், சுடாதவளும் காட்டுவாள். யாருக்குச் சுட்டது என்று யாரும் கேட்கப்போவதில்லை. முதல் ஆளாகப் பொன்னாத்தாக்கா கை காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். குழாயைத் திறந்துவிடுவது சுதா.

இந்த வருஷம் மட்டுமல்ல. நீ வாங்கிக் கொடுத்த இந்த நெஞ்சு ஓடுகிற வரைக்கும், ஒவ்வொரு நோம்பிக்கும், ஆறினதுக்குப் பொறவு மோந்து பார்க்க வராமல், சுடுகிற நேரத்துக்கே தண்ணீரோடு வந்து நிற்பேன்.

நீ யாருக்காகப் பூ வாரினாயோ,
அந்தப் பொறந்தவன்,
செந்தில்